ஒன்பதாம் பக்கத்துக்காரி

மிசிசாகா
ஜனவரி 12, 2024

அன்புத் தங்கச்சி நிஷாந்திக்கு,

இதைப் போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீர் பாதியில் வெட்டுவீர், நான் திரும்ப எடுப்பேன், நீர் திரும்ப வெட்டுவீர், கடைசியில் என்னுடைய பிரஷர்தான் ஏறும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசியும்.

அடுத்த வெள்ளியில் இருந்து ஒன்பதாம் பக்கத்தை நிற்பாட்டுகிறேன்.

கோபிக்க முன் நான் சொல்வதைக் கேளும். பதினொரு வருடமாக எங்கள் ‘கிழமைக்குரல்’ பேப்பரில் அந்தப் பக்கம் உம்முடையது. நான் ஒரு வரி வெட்டியதில்லை. ஆனால் போன மாதத்தை மட்டும் எடுத்துப் பாரும். முதல் கிழமை ஸ்னோ ரயர் மாற்றுவது. அடுத்த கிழமை சிறுநீரகக் கல். அதற்கடுத்தது வெக்ஸ்போர்ட்டில் அராபியர் கடை ரொட்டி. நத்தாருக்கு முதல் கிழமை, பாலன் பிறப்பைப் பற்றி நாலு வரி எழுதுவீர் என்று பார்த்தால், பார்க்கிங் ரிக்கற்றுக்காகக் கோட்டுக்குப் போன கதை! விளம்பரம் தருகிறவர் என்னைக் கேட்கிறார், "அண்ணை, உந்த அம்மா எதில ஸ்பெஷலிஸ்ற்?" நான் என்ன பதில் சொல்வது?

எங்கள் வெப்சைற்றை இப்போது மகள் அட்சயாதான் பார்க்கிறாள். அவள் சொல்வது இதுதான்: "அப்பா, ஒரு ஆளுக்கு ஒரு சப்ஜெக்ற். அப்பதான் ஆக்கள் தேடி வருவினம்." பிள்ளை படித்த பிள்ளை. எங்கள் பழமொழியும் அதையே சொல்கிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.

உமக்கென்று ஒரு மரம் இருக்கிறது, தங்கச்சி. கல்வெட்டு. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் பிரஸில் அடிக்கும் நினைவுமலர்களில் நீர் எழுதியதை வாசித்து அழாத சனம் இல்லை. ஸ்காபரோவில் ஆர் செத்தாலும், சைவமோ கிறிஸ்தவமோ, "நிஷாந்தி எழுதுவாவோ" என்றுதான் கேட்கிறார்கள். இனி முழுநேரமும் அதையே செய்யும். பெயர் எடுப்பீர்.

அன்புடன்
கிளிபோட் அண்ணை


வெக்ஸ்போர்ட்
ஜனவரி 16, 2024

கிளிபோட் அண்ணைக்கு,

அன்பு என்ற சொல்லை இந்தக் கிழமை உங்களுக்குத் தர ஏலாது.

கடிதத்துக்குக் கடிதம்தான் இனி. உங்கள் நம்பரை என் போனில் தடுத்துவிட்டேன். கத்தினால் எழுத்தில் கத்துவோம், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

எதில் ஸ்பெஷலிஸ்ற் என்று கேட்டவர் எதைச் சாப்பிடுகிறார்? காலை, மதியம், இரவு மூன்று நேரமும் புட்டா? அவருக்கு ஸ்னோ ரயர் இல்லையா? சிறுநீரகக் கல் பற்றி எழுதிய கிழமை எத்தனை பேர் ஒபிசுக்கு எடுத்து எந்த டொக்டர் என்று கேட்டார்கள் என்பதை அவரிடம் சொன்னீர்களா? பார்க்கிங் ரிக்கற் கதையை வாசித்துவிட்டு ஒரு மனிசி கோட்டுக்குத் தனியாகப் போய் வென்றுவிட்டு எனக்கு வடை கொண்டுவந்து தந்தாரே, மறந்துவிட்டீர்களா? நீங்களும் தின்றீர்கள், அண்ணை. நாலு வடை.

கல்வெட்டு எனக்கு எப்படி வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? சாவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. செத்தவர் வீட்டுக்குப் போய் இருந்து கேட்கிறேன். அவர் இரவு வேலைக்குப் போனவர் என்று மனைவி சொன்னால், அந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எந்தத் தரிப்பில் குளிர் கூட என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பஸ்ஸைப் பற்றி ஒரு கிழமை எழுதியிருக்கிறேன். அவர் பேக்கரியில் நின்றவர் என்றால் மாவு கையில் எப்படிக் காயும் என்று தெரியும். ஒன்பதாம் பக்கத்தில் அலைந்து திரிந்து பொறுக்கியதைத்தான் கல்வெட்டில் போடுகிறேன். ஊற்றை அடைத்துவிட்டுக் குடத்தோடு வா என்கிறீர்கள்.

தச்சன் பழமொழி எனக்கும் தெரியும். ஒரே மரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிற தச்சன் கடைசியில் செய்யப்போவது சவப்பெட்டி மட்டும்தான். அதைத்தான் என்னைச் செய்யச் சொல்கிறீர்கள்.

நான் மாட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் இப்போது கையில் மூன்று வீட்டாரின் வேலை இருக்கிறது. அவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது நான் ரோஷம் கொண்டாட முடியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பக்கம் எப்போது திரும்பி வரும்? திகதி சொல்லுங்கள்.

நிஷாந்தி


மிசிசாகா
ஜனவரி 22, 2024

தங்கச்சி நிஷாந்திக்கு,

வடையைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறீர். நல்லது.

ஒரு வருடம். ஒரே ஒரு வருடம் கல்வெட்டு மட்டும் செய்து பார்ப்போம். வருகிற வருடப்பிறப்போடு ஒன்பதாம் பக்கம் உமக்கே. மடுமாதா மேல் ஆணை.

ஒரு மாற்றம் மட்டும். இனி நீர் வீடு வீடாகப் போய்க் குந்தியிருக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் அரை நாள் செலவழித்தால் பிரஸ் எப்படி ஓடும்? பன்னிரண்டு கேள்வியோடு ஒரு படிவம் செய்திருக்கிறேன். பிறந்த இடம், படித்த இடம், தொழில், குணநலன், பிள்ளைகள், இப்படி. வீட்டார் நிரப்பித் தருவார்கள். லேஅவுற் செய்கிற வினோதன் ரைப் பண்ணி உமக்கு அனுப்புவான். நீர் வீட்டில் இருந்தே எழுதலாம். உமக்கும் சுகம்.

கிளிபோட் அண்ணை


மிசிசாகா
செப்ரெம்பர் 24, 2024

நிஷாந்திக்கு,

இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நேற்றுப் பட்ட வெட்கம் ஒரு நாளும் பட்டதில்லை.

டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் இரண்டு செத்தவீடு நடந்தது உமக்குத் தெரியும். பதினாலாம் மாடியில் கஸ்பர். ஒன்பதாம் மாடியில் குஞ்சித்தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் முப்பத்தொன்று. இரண்டு மலரும் நாங்கள்தான் அடித்தோம், இரண்டும் நீர்தான் எழுதினீர். நேற்றுக் காலை அந்தக் கட்டடத்து லோன்றி அறையில் கஸ்பரின் மனைவி கிளடிசும் குஞ்சித்தம்பியின் மனைவி கனகாம்பிகையும் உடுப்புக் காயும் வரைக்கும் சும்மா இராமல், ஒருவர் மலரை மற்றவர் வாங்கி வாசித்திருக்கிறார்கள்.

"அன்னாரின் இல்லத்துக்குச் சென்று ஒரு கோப்பை தேநீர் அருந்தாமல் திரும்பியவர் எவருமில்லை, வந்தாரை வரவேற்கும் அந்தப் புன்னகையை இனி எங்கு காண்போம்." இரண்டிலும் இருக்கிறது! ஐந்தாம் பக்கத்தில், ஒரு எழுத்து மாறாமல், அடுத்த எட்டு வரியும் சேர்த்து! கிளடிஸ் எனக்கு எடுத்துக் கத்தினதை இன்னும் காது மறக்கவில்லை. "எங்கட வீட்டில தேயிலையே வாங்கிறேல்லை. இவர் பிறந்ததில இருந்து கோப்பிதான். ஆரின்ர மனுசனுக்கு நீங்கள் பூசை வைச்சனீங்கள்?" மற்ற மனிசி மலரை மூடி உடுப்புக் கூடைக்குள் வைத்துவிட்டு, ஈர உடுப்போடேயே மேலே போய்விட்டாவாம்.

இனி ஆர் எங்களிடம் வருவார்கள்? பிணத்தைக்கூட ஏமாற்றுகிறார்கள் என்று ஊர் சிரிக்கிறது.

ஒன்பதாம் பக்கம், ஒன்பதாம் பக்கம் என்று உயிரை எடுத்தீரே. இந்தாரும், அடுத்த கிழமை வெள்ளி ஒன்பதாம் பக்கம் உம்முடையது. உம்முடைய படத்தைப் போட்டு, உம்முடைய பெயரில், இரண்டு குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்டு எழுதும். அடுத்த புதன்கிழமைக்குள் வரவேண்டும்.

கிளிபோட்


வெக்ஸ்போர்ட்
செப்ரெம்பர் 28, 2024

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்த எட்டு வரியும் நான் எழுதியதுதான். குஞ்சித்தம்பி என்ற மனுசருக்கு எழுதினேன், பிறகு கஸ்பருக்கு அப்படியே தூக்கி வைத்தேன். இல்லை, முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சித்தம்பிக்கும் அதை நான் புதிதாக எழுதவில்லை. ஏப்ரலில் வேறொருவருக்கு எழுதியது. தேத்தண்ணி ஊற்றிய மனுசர் அவர்தான்.

வெட்கமாக இருக்கிறது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மா ஈர உடுப்போடு மேலே போனதைப் பற்றி எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் இரண்டு நாள் ஒன்றும் சமைக்கவில்லை.

ஆனால் உங்களிடம் சில கேள்வி இருக்கிறது.

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு படிவம். குணநலன் என்ற கேள்விக்கு நாற்பது பேரின் வீட்டாரும் "நல்லவர், அன்பானவர்" என்று எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தோராவது ஆளின் மகன் அதையும் எழுதாமல் கோடு இழுத்திருக்கிறார். தொழில் என்ற கேள்விக்கு "ஃபக்ரரி". என்ன ஃபக்ரரி? எந்த மெஷின்? சத்தமா, சூடா? உங்கள் படிவத்துக்கு அது தேவையில்லை. இதை வைத்துக்கொண்டு நான் ஒரு மனுசரைச் செய்ய வேண்டும், அதுவும் கிழமைக்கு ஒருவர், இருவர்.

ஏப்ரல் மாதம் வரைக்கும் கையில் இருந்ததைச் செலவழித்தேன். பிறகு கை வெறும் கை. வெளியே போனாலும் எதையும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் எழுத இடமில்லை. மரக்கறிக் கடையில் ஒரு மனிசி பாகற்காயை ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தா. முந்தியென்றால் ஏனென்று கேட்டு அந்தக் கிழமைப் பக்கத்தை நிரப்பியிருப்பேன். இந்த முறை தாண்டிப் போய்விட்டேன். நீங்கள் சொன்ன ஸ்பெஷலிஸ்ற் இதுதான். ஒரே விஷயத்தை ஓயாமல் செய்து, அந்த விஷயத்தையே செய்ய முடியாமல் போனவள்.

மன்னிப்பு நான் கேட்பேன். அந்த இரண்டு வீட்டுக் கதவிலும் போய் நின்று கேட்பேன். பேப்பரில் கேட்க மாட்டேன். பதினொரு வருடம் நான் உயிரோடு இருந்த பக்கத்தில் என் படத்தைப் போட்டுத் தூக்கில் ஏற்றப் பார்க்கிறீர்கள். அதைவிட வெள்ளைத்தாளாக விடுங்கள்.

இனி உங்கள் படிவம் ஒன்றும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் விலகுகிறேன்.

நிஷாந்தி


மிசிசாகா
ஒக்ரோபர் 11, 2024

தங்கச்சி நிஷாந்திக்கு,

உம்முடைய கடிதத்துக்குச் சுடச்சுட ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. இன்றைக்கு அதைக் கிழித்துப்போட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கனகாம்பிகை ஒபிசுக்கு வந்தா. டோர்செட் பார்க்கில் இருந்து மிசிசாகாவுக்கு, மூன்று பஸ் மாறி, எழுபத்திரண்டு வயதில். சண்டை பிடிக்க வந்திருக்கிறா என்று நினைத்து நான் முதலே மன்னிப்புக் கேட்டேன், ஃபிறீயாகத் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன். கையைக் காட்டி நிற்பாட்டிவிட்டா.

தோள்பையில் இருந்து இரண்டு சாமான் எடுத்து மேசையில் வைத்தா. ஒன்று நாங்கள் அடித்த மலர். மற்றது எங்கள் பேப்பரில் வெட்டிய துண்டு, மஞ்சளாகி, நாலாக மடித்து. மனுசன் அதைத் தன்னுடைய பாஸ்போட்டுக்குள் வைத்திருந்தவராம். 2017 பெப்ரவரி. ஒன்பதாம் பக்கம். "ஏழாம் மாடிக் கதிரை" என்று நீர் எழுதியது.

எனக்கு ஞாபகம் இல்லை, தங்கச்சி. மேசையில் வைத்து வாசித்தேன். நீர் அப்போது அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டாம் மாடியில் இருந்திருக்கிறீர். எலிவேற்றர் மூன்று கிழமை வேலை செய்யவில்லை. சாமான் பையோடு படியேறி, ஏழாம் மாடியில் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு மடக்குக் கதிரை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு மனுசர் நின்று, "இதில இரிந்து களைப்பாறிற்றுப் போங்க புள்ள. ஆனாக் கதிரையக் கொண்டு போயிறாதீங்க, ரெண்டு ஏற்கெனவே போயிற்று" என்று அதட்டினார் என்று எழுதியிருக்கிறீர். பேர் கேட்க மறந்துவிட்டேன், மட்டக்களப்புப் பேச்சு என்பது மட்டும் காதில் விழுந்தது என்றும் எழுதியிருக்கிறீர். அவர்தான் குஞ்சித்தம்பி. நாங்கள் மலரில் போட்டது முப்பது வருடத்துக்கு முந்திய மீசைப்படம். நீர் எப்படிக் கண்டுபிடிப்பீர்?

மனிசி இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துவிட்டுக் கேட்டா: "இதில ஆரு எங்கிட மனிசன்?"

நான் எங்கள் மலரைக் கவிழ்த்து வைத்தேன்.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது. மனிசி போகும்போது சொன்னா, "நான் படிவத்தில எழுதித் தந்தனானே." போனபிறகு பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கேள்விக்கும் பதில். தாளைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்து. கதிரைக் கதை. கடைசியில் இப்படி: "ஒன்பதாம் பக்கத்தில் எழுதினவவே இதையும் எழுத வேண்டும். அவவுக்கு இவரைத் தெரியும்."

வினோதன் அதை அப்போதே என்னிடம் காட்டினான். "அண்ணை, பின்பக்கத்தில ஒரு கதிரைக் கதை கிடக்கு, இதையும் ரைப் பண்ணி அக்காவுக்கு அனுப்பவோ?" வாசிக்காமலே சொன்னேன், "பன்னிரண்டு கேள்வியே காணும், போதும். கதிரை மேசையெல்லாம் வேண்டாம்." இது நான் சொன்னது. என்னுடைய வாயால் சொன்னது. பிறகு உம்மை மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதியதும் நான்தான்.

இன்றைய வெள்ளிப் பேப்பரில், ஒன்பதாம் பக்கத்தில், என்னுடைய படத்தைப் போட்டு நான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். கிளடிசுக்கும் போய்ச் சொன்னேன். கோப்பி தந்தா. கையெழுத்துத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அது உமக்கு வந்திருக்க வேண்டியது.

கிளிபோட்


வெக்ஸ்போர்ட்
ஒக்ரோபர் 21, 2024

கிளிபோட் அண்ணைக்கு,

தாள் கிடைத்தது. கோபம் போகவில்லை. உங்கள் மேலுள்ளதும் போகவில்லை, என் மேலுள்ளதும் போகவில்லை. நீங்கள் பின்பக்கத்தை மறைத்தீர்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு போன் எடுத்து, "அம்மா, அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்பதை ஆரும் எனக்குத் தடுக்கவில்லை. ஏப்ரல் மாதத்துத் தேத்தண்ணியை எடுத்து ஊற்றியது என் கைதான்.

சனிக்கிழமை டோர்செட் பார்க்குக்குப் போனேன். முதலில் பதினாலாம் மாடி. கிளடிஸ் அக்கா கதவைத் திறந்து, ஐந்து நிமிடம் என்னை வெளியே வைத்தே ஏசினா. ஏசட்டும் என்று நின்றேன். பிறகு கஸ்பர் அண்ணை கோப்பிக்கொட்டையைத் தானே வறுப்பார், வறுக்கிற நாளில் புகை மணி அடிக்கும், அந்த மாடிச் சனம் முழுக்கத் திட்டும் என்று சொன்னா. சொல்லிக்கொண்டு போகவே சிரிப்பு வந்துவிட்டது அவவுக்கு. உள்ளே கூப்பிட்டா. உங்கள் படிவத்தில் புகை மணிக்குக் கேள்வி இல்லை, அண்ணை.

கீழே ஒன்பதுக்குப் போக முன், ஏழில் இறங்கிப் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். கதிரை இல்லை. சுவரில் கதிரை முதுகு உரசின ஒரு கறுப்புக் கோடு மட்டும்.

கனகாம்பிகை அக்கா கதவைத் திறந்து என்னைக் கண்டதும், "வாங்க, இரிங்க" என்றா. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். கதிரைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். "அவரு ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள ஆரோ கொண்டு போயிற்றானுகள். அதோட ஆறு." ஆறு கதிரையும் அவர் தன் கைக்காசில் வாங்கியவை. எலிவேற்றர் திருத்தின பிறகும் கதிரையை எடுக்கவில்லை. இது திரும்பப் பழுதாகும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பழுதாகியது.

மூன்று மணித்தியாலம் இருந்தேன். அவர் ஃபக்ரரியில் செய்தது ஆஸ்பத்திரிக் கட்டிலின் சில்லு. எந்தச் சில்லு கிறீச்சிடும் என்று காதால் சொல்வாராம். கடைசியில் அவரையும் ஒரு கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது, "இடப்பக்கம் முன்சில்லு சரியில்ல" என்று நேர்சுக்குச் சொன்னாராம். அக்கா மொழிபெயர்க்கவில்லையாம். அதை நினைத்து இன்றைக்கும் அவவுக்குத் தாங்கவில்லை.

புதிதாக எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. கஸ்பர் அண்ணைக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டு மலரையும் திரும்ப அடியுங்கள். குஞ்சித்தம்பி அண்ணைக்கு எழுதியதை மலரில் மட்டும் போடாமல் பேப்பரிலும் போடுங்கள். நினைவஞ்சலிப் பக்கத்தில் அல்ல, ஒன்பதாம் பக்கத்தில். அதற்கடுத்த கிழமைக்கு நான் பாகற்காய் பற்றி எழுதுவேன். அந்த மனிசியைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டேன், விதை முற்றிவிட்டால் உள்ளே சத்தம் கேட்குமாம். அதற்கடுத்த கிழமை எதைப் பற்றி என்று எனக்கே தெரியாது. அட்சயா கேட்டால் அப்படியே சொல்லுங்கள். படிவத்தை எரியுங்கள். கல்வெட்டு எழுதுவேன், ஆனால் வீட்டுக்குப் போய் இருந்துதான். மாதத்துக்கு இரண்டு. இதற்குச் சம்மதமில்லை என்றால் பதில் போட வேண்டாம். வருடப்பிறப்பு, மடுமாதா என்று ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அதை மூன்று பஸ் மாறி வந்தவவிடம் போய்க் கேளுங்கள்.

வெளிக்கிடும்போது கனகாம்பிகை அக்கா கதவடியில் வைத்துச் சொன்னதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தால் அவர் முதலில் விரிப்பது ஒன்பதாம் பக்கமாம். கதிரைக்கு முதலே, பதினொரு வருடமாக. ஜனவரியில் என் பக்கம் வராமல் விட்டதும், "ஒன்பதாம் பக்கத்துக்காரி செத்துக் கித்துப் போயிற்றாவோ" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும், தான் சாகிற வரைக்கும், மரண அறிவித்தல்களையும் நினைவஞ்சலிகளையும் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார், என் படம் கிடக்கிறதா என்று.

அவர் சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறார், அண்ணை. எட்டு மாதமும் நான் அங்கேதான் கிடந்தேன்.

நிஷாந்தி
ஒன்பதாம் பக்கம்